மாத்திரைப் பையோடு மருந்தாளுநரைப் பார்க்கும் முறை

மருந்துச் சீட்டை நீட்டி, மாத்திரையை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுவதே நம்மில் பலருக்கு இன்னும் பழக்கமாக இருக்கிறது. மருந்தை எப்படி உட்கொள்வது, எதனோடு சேர்க்கக் கூடாது, என்ன பக்கவிளைவு வரலாம் என்று நோயாளிக்கு விளக்கிச் சொல்வதும் பதிவுபெற்ற மருந்தாளுநரின் கடமை என்று 2015ஆம் ஆண்டின் மருந்தாளுநர் நடைமுறை விதிகள் கூறுகின்றன. ஆகவே தயங்காமல் கேளுங்கள்.

புறநோயாளியாகச் செல்லும் நாளில், வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். வடசென்னையின் ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் சர்க்கரைக்கு மாத்திரை வாங்குபவரே, இடையில் தெருமுனை கிளினிக்கிலும் காட்டி, கடையில் வேறொரு அட்டை வாங்கி வைத்திருப்பது உண்டு. இரண்டு அட்டைகளும் நிறத்தில் வேறு, ஒன்றில் நிறுவனம் வைத்த பெயர் வேறு. ஆனால் இரண்டிலுமே, சர்க்கரையைக் குறைக்கும் கிளிமிபிரைடு என்ற மருந்தின் பெயர் அச்சிட்டிருந்தால், அவை ஒரே மருந்துதான். தெரியாமல் இரண்டையும் விழுங்கினால் சர்க்கரை அளவு திடீரென இறங்கி, வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, மயக்கம்கூட வரலாம். இதைக் கண்டுபிடிக்க மருந்தாளுநருக்கு ஒரு நிமிடம் போதும் என்பதால், அட்டைகளை மேசைமீது வரிசையாகப் பரப்பி, "இதில் ஒரே மருந்து இரண்டு இருக்கிறதா?" என்று கேட்டுவிடுங்கள்.

காசிமேட்டில் வலை இழுப்பவரும் துறைமுகத்தில் சுமை தூக்குபவரும் உடம்பு வலிக்கென்று அடிக்கடி டைக்ளோஃபினாக் போடுவதுண்டு. இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை எடுப்பவருக்கு அது அழுத்தத்தை ஏற்றும். நாள்பட்டால் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஆகையால் வலி மாத்திரை கேட்கும்போதே, உங்களுக்கு உள்ள மற்ற நோய்களையும் சொல்லிவிட வேண்டும்.

படிக்கத் தெரியாத பெரியவர்களுக்காக, காலைக்குச் சூரியனும் இரவுக்குப் பிறையும் அட்டையின் பின்புறம் பேனாவால் வரைந்து தரச் சொல்லலாம். அட்டையை வெட்டித் தந்தால், மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் உங்கள் துண்டில் இருக்கின்றனவா என்று அங்கேயே பாருங்கள்.

அளவைக் கூட்டவோ குறைக்கவோ மருந்தாளுநராகவே முடிவெடுக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் சீட்டு எழுதிய மருத்துவரிடம் மருந்தாளுநரே கேட்டுச் சொல்லும்படி வேண்டுங்கள். மாத்திரை தொடங்கியபின் தடிப்போ முகவீக்கமோ தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பிறகு 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண்ணிலும் அந்தப் பக்கவிளைவைத் தெரிவிக்கலாம்.