காலநிலை ஆபத்தை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சூழல் செய்தி எழுத வரும் புதியவர்களின் கட்டுரைகளைத் திருத்துவது என் வேலை. எழுத்துப்பிழையும் அலகுக் குழப்பமும் நாளடைவில் தானாகச் சரியாகிவிடும். ஆபத்தின் அளவையே மாற்றிக் காட்டும் பிழைகள்தான் விடாமல் திரும்பத் திரும்ப வருகின்றன.

1.5 டிகிரியை பாஸ் மார்க் ஆக்குவது

2024ஆம் ஆண்டின் உலகச் சராசரி வெப்பம், தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட ஏறத்தாழ 1.55 டிகிரி கூடுதல் என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. உடனே என் மேஜைக்கு ஒரு கட்டுரை வந்தது, ‘இனி மீட்சி இல்லை’ என்ற தலைப்போடு. எழுதியவர் கெட்டிக்காரர், எண்களும் சரி. ஆனால் கட்டுரை முழுக்கத் தவறு.

வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்த முயல்வதாக நாடுகள் ஒப்புக்கொண்ட பாரிஸ் ஒப்பந்தம் பேசுவது நீண்டகாலச் சராசரியை. அதை ஓர் ஆண்டை வைத்து முடிவுசெய்ய முடியாது. அந்த ஆண்டில், பசிபிக் கடல் இயல்பைவிடச் சூடேறும் இயற்கை நிகழ்வான எல் நினோவும் சேர்ந்துகொண்டது. அப்புறம், 35 எடுத்தால் பாஸ், 34 என்றால் பெயில் என்பதுபோல ஆபத்து வருவதில்லை. 1.5 டிகிரியில் பவளப்பாறைகள் 70 முதல் 90 சதவீதம் அழியும், 2 டிகிரியில் 99 சதவீதத்துக்கும் மேல் என்கிறது ஐநாவின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் 2018 அறிக்கை. பத்தாண்டுக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்த கடும் வெப்பம் 1.5 டிகிரியில் சுமார் நான்கு முறை வரும். 4 டிகிரியில் ஒன்பது முறைக்கும் மேல். கோட்டைத் தாண்டிய பிறகும் 1.7இல் நிற்கிறோமா, 2.5 வரை போகிறோமா என்பது உயிர்ப் பிரச்சினை. ‘எல்லாம் முடிந்தது’ என்று படிக்கும் கல்லூரி மாணவி, இனி எதற்குப் போராட வேண்டும் என்று ஒதுங்கிவிடுவாள். எனக்கு ஆத்திரம் வருவது அங்கேதான்.

கோட்டுக்குக் கீழே பாதுகாப்பு என்பதும் இதே தவறுதான். ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டு 2016இல் கடல் சூட்டில் கடுமையாக வெளிறியபோது உலகம் 1.5ஐ எட்டியிருக்கவில்லை.

உலகச் சராசரியை நம் ஊர் வெயிலாகப் படிப்பது

2011–2020இல் உலகச் சராசரி உயர்வு 1.09 டிகிரி. நிலப்பரப்பில் மட்டும் 1.59. நாம் வாழ்வது நிலத்தில்.

ஈரப்பதத்தை மறப்பது

வியர்வை உலராவிட்டால் உடம்பு குளிராது. கடலோர ஊரில் 37 டிகிரி, வறண்ட ஊரின் 41ஐவிட மோசமாகலாம்.

மிக மோசமான பாதையை ‘இப்படியே போனால்’ என்று எழுதுவது

ஆர்சிபி 8.5 என்பது பசுமைக்குடில் வாயு வெளியீடு மிக அதிகமாகக் கூடிக்கொண்டே போகும் என்று வைத்துக்கொள்ளும் கணிப்புப் பாதை. அதன் எண்ணைப் போட்டால், அது எந்தப் பாதை என்று பக்கத்திலேயே சொல்லுங்கள்.

யாருக்கு ஆபத்து என்று சொல்லாமல் விடுவது

வெயிலில் கம்பி கட்டுபவரிடம் பேசாமல் கட்டுரையை அனுப்பாதீர்கள்.