வரிக் கணக்கைக் கொடுக்கும் முன் உங்கள் சிபிஏவின் உரிமத்தைப் பாருங்கள்

அமெரிக்காவுக்கு வந்து முதல் ஜனவரி முடியும்போது கம்பெனியிலிருந்து டபிள்யூ-2 (ஆண்டுச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் படிவம்) வந்துவிடும். ஏப்ரல் 15-க்குள் வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். உடனே நம்மில் பெரும்பாலோர் செய்வது, ஊர்க்காரர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் "நல்ல சிபிஏ யாராவது தெரியுமா?" என்று கேட்பது. சிபிஏ என்றால் மாநில உரிமம் பெற்ற கணக்காளர். சாயங்காலத்துக்குள் நாலைந்து ஃபோன் எண்கள் வந்து சேரும். அவர்களில் ஒருவர் உண்மையிலேயே சிபிஏவாக இருப்பார். இன்னொருவர் ஐஆர்எஸ், அதாவது அமெரிக்க வரித் துறை, வரி வேலைக்கென்று உரிமம் கொடுத்த ஈஏ. மற்றொருவர் சென்னையில் சிஏ முடித்துவிட்டு வந்தவர், இங்கே உரிமம் எதுவும் வாங்கியிருக்க மாட்டார். அடுத்தவருக்குப் பகலில் ஐடி வேலை, இரவில் வரிக் கணக்கு. பரிந்துரைப்பவர்கள் எல்லோரையும் சிபிஏ என்றே சொல்வார்கள். ஏமாற்றும் எண்ணம் எதுவும் இல்லை. அவர்களும் விசாரித்துப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

தெரிந்தவர்கள் சொல்வதைக் கேட்பதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பரிந்துரை எதை வைத்து வருகிறது என்று பாருங்கள். "எனக்கு நல்ல ரீஃபண்ட் வாங்கிக் கொடுத்தார்" என்பதுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். ரீஃபண்ட் பெரிதாக வந்ததால் கணக்கு சரி என்று ஆகிவிடாது. தாக்கல் செய்த கணக்கை ஐஆர்எஸ் பொதுவாக மூன்று ஆண்டுகள் வரை திரும்ப எடுத்துப் பார்க்கலாம். அப்போது தப்பு வெளியே வந்தால் வரி, வட்டி, அபராதம் மூன்றையும் கட்ட வேண்டியது நீங்கள்தான், ஏனென்றால் கையெழுத்து உங்களுடையது. பின்னாளில் குடியுரிமைக்கு என்-400 விண்ணப்பம் போடும்போதும் வரி பாக்கி உண்டா, தாக்கல் செய்யாமல் விட்டதுண்டா என்று கேட்பார்கள். விசாவில் இருப்பவருக்கு இது வெறும் பண விஷயம் இல்லை.

இன்னொன்றும் புதிதாக வருபவர்களுக்குத் தெரிவதில்லை. இந்த நாட்டில் கூலி வாங்கிக்கொண்டு வரிக் கணக்குப் போட்டுத்தர சிபிஏவாக இருக்க வேண்டியதில்லை. பிடின் என்ற எண்ணை ஐஆர்எஸ்ஸில் வாங்கிக்கொண்டால் போதும். அதற்குத் தேர்வு கிடையாது. எல்லோருக்கும் தேர்வும் பயிற்சியும் வைக்க வேண்டும் என்று ஐஆர்எஸ் ஒருமுறை முயன்றது. அதற்கு அந்த அதிகாரம் இல்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014-ல் சொல்லிவிட்டது. கலிஃபோர்னியா, ஆரிகன் போன்ற சில மாநிலங்கள் தனியாக விதி வைத்திருக்கின்றன. மற்ற இடங்களில் பிடின் மட்டுமே வைத்திருப்பவரிடம்கூட நீங்கள் கணக்கைக் கொடுத்திருக்கலாம். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனால் நாளைக்கு ஐஆர்எஸ்ஸிலிருந்து கடிதம் வந்தால் உங்களுக்காக முழு உரிமையோடு பேசக்கூடியவர்கள் சிபிஏ, ஈஏ, வழக்கறிஞர் ஆகிய மூவர்தான்.

உரிமத்தை எங்கே பார்ப்பது

சிபிஏ உரிமத்தைக் கொடுப்பது மத்திய அரசு அல்ல, மாநிலங்களின் கணக்கியல் வாரியங்கள். ஐம்பது மாநிலங்கள், வாஷிங்டன் டிசி, போர்ட்டோ ரிக்கோ, குவாம் முதலியவற்றைச் சேர்த்து மொத்தம் 55 வாரியங்கள். இந்த வாரியங்களின் கூட்டமைப்பான நாஸ்பா நடத்தும் தளம் 'சிபிஏவெரிஃபை'. கட்டணம் இல்லை. பெயரை மட்டும் போட்டுப் பல மாநிலங்களில் ஒரே நேரத்தில் தேடலாம். அவர் எந்த மாநிலத்தில் உரிமம் வாங்கினார் என்று தெரியாதபோது இங்கேதான் தொடங்க வேண்டும்.

அப்புறம் அந்தந்த மாநிலத்தின் சொந்தத் தேடல் பக்கத்துக்கும் போங்கள். ஒழுங்கு நடவடிக்கை பற்றிய முழு விவரம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அது எந்தத் துறையின் கீழே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் சற்றுக் குழப்பம். நியூயார்க்கில் கல்வித் துறையின் கீழே வருகிறது. நியூ ஜெர்சியிலும் கலிஃபோர்னியாவிலும் நுகர்வோர் விவகாரத் துறை. டெக்சஸில் வாரியத்துக்கே தனித் தளம் உண்டு. எடிசனில் இருக்கும் உங்களுக்கு டாலஸ் சிபிஏ ஒருவர் கணக்குப் போட்டுத் தந்தால் அதில் தவறில்லை. ஒரு மாநில உரிமத்தை வைத்துப் பெரும்பாலான மாநிலங்களில் வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்ய விதிகள் அனுமதிக்கின்றன. நீங்கள் தேட வேண்டியது அவர் உரிமம் வாங்கிய மாநிலத்தில்.

நம் ஆட்களின் பெயரைத் தேடுவதில்தான் சிக்கல் அதிகம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக ஏறியிருக்கும். சிலருக்கு அதுவே தலைகீழாக, சொந்தப் பெயர் கடைசியில் போயிருக்கும். விசிட்டிங் கார்டில் 'சிவா' என்றோ 'பாலா' என்றோ சுருக்கமாகப் போட்டிருப்பார். உரிமத்தில் சிவசுப்ரமணியன் என்று முழுப்பெயர் இருக்கும். அதையே ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதலாம். திருமணத்துக்குப் பிறகு பெயரை மாற்றிக்கொண்ட பெண்களின் உரிமம் பழைய பெயரிலேயே இருப்பதும் உண்டு. அதனால் முதல் தேடலில் கிடைக்கவில்லை என்றால் அவரைப் பொய்யர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முதல் பெயரையும் கடைசிப் பெயரையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். முதல் சில எழுத்துகளை மட்டும் கொடுத்தும் தேடிப் பாருங்கள்.

அதைவிட எளிது நேரடியாகக் கேட்டுவிடுவது: "சார், உங்கள் லைசென்ஸ் எந்த மாநிலத்தில்? எண் சொல்ல முடியுமா? என் ஃபைலில் குறித்துவைக்கிறேன்." நம் ஊரில் வயதில் மூத்தவரிடம் இப்படிக் கேட்கக் கூச்சமாக இருக்கும். இங்கே இது சாதாரணக் கேள்வி. உண்மையான சிபிஏ உடனே சொல்லிவிடுவார். பத்துத் தேர்வுகள் எழுதிய கதையைச் சொல்லி எண்ணை மட்டும் சொல்லாதவரிடம் உங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண்ணைக் கொடுக்க வேண்டாம்.

எண்ணும் பெயரும் ஒத்துப்போனால் அடுத்தது உரிமத்தின் நிலை. 'ஆக்டிவ்' என்று இருந்தால் சரி. 'இன்ஆக்டிவ்' என்றால் உரிமம் இருக்கிறது, ஆனால் அதை வைத்து இப்போது தொழில் செய்வதில்லை என்று பொருள். கம்பெனி வேலைக்குப் போய்விட்ட பலர் இப்படி வைத்திருப்பார்கள். கலிஃபோர்னியாவில் இந்த நிலையில் பொதுமக்களுக்கு சிபிஏவாக வேலை செய்ய முடியாது. காலாவதி ஆகியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். தற்காலிகமாக நிறுத்தப்பட்டது, பறிக்கப்பட்டது, தானாக ஒப்படைத்தது என்றால் கேட்கவே வேண்டாம், வேறு ஆளைப் பாருங்கள்.

இடையில் ஒன்று உண்டு: 'ப்ரொபேஷன்', அதாவது வாரியத்தின் கண்காணிப்பில் தொழிலைத் தொடர அனுமதி. இங்கே அவசரப்படாமல் ஆணையைப் படியுங்கள். கலிஃபோர்னியா வாரியம் குற்றச்சாட்டையும் முடிவையும் ஆவணமாகவே போட்டு வைக்கிறது. தொடர் கல்வி மணிநேரத்தை முடிக்காமல் விட்டதும் நடவடிக்கைதான். வாடிக்கையாளர் பணத்தில் கை வைத்ததும் நடவடிக்கைதான். இரண்டும் ஒன்றல்ல. முதல் வகையைப் பல ஆண்டுகளுக்கு முன் செய்து, அப்புறம் சுத்தமாக இருக்கும் ஒருவரிடம் நான் தயங்காமல் கணக்கைக் கொடுப்பேன். இரண்டாவது வகை எத்தனை ஆண்டுகளுக்கு முந்தையது என்றாலும் கொடுக்க மாட்டேன்.

அலுவலகப் பெயரையும் தனியாகத் தேடுங்கள். தனிநபருக்கு ஓர் உரிமம், நிறுவனத்துக்கு இன்னொன்று. பலகையில் ஒரு சிபிஏவின் பெயர் இருக்கும், உங்கள் கணக்கைத் தொடுவது வேறு யாரோவாக இருக்கும். யார் கையெழுத்துப் போடப்போகிறார் என்று கேட்டுக்கொண்டு அவர் பெயரில் தேடுங்கள்.

ஐஆர்எஸ் தளத்திலும் ஒரு தேடல் பட்டியல் உண்டு. சிபிஏ, ஈஏ, வழக்கறிஞர் போன்ற தகுதி உள்ளவர்களை அதில் ஜிப் கோடு போட்டுத் தேடலாம். ஈஏவுக்கு உரிமம் தருவது ஐஆர்எஸ்ஸே என்பதால் அவரை மாநில வாரியத்தில் தேடிப் பயனில்லை. வரி வேலைக்கு மட்டும் என்றால் நல்ல ஈஏ ஒருவர் சிபிஏவுக்குக் குறைந்தவர் இல்லை; பல சமயம் கட்டணமும் குறைவு. ஐஆர்எஸ் முன்பு ஆஜராகத் தடை விதிக்கப்பட்டவர்களின் பட்டியலையும் அதே தளத்தில் பார்க்கலாம். உங்கள் சிபிஏ கூடவே முதலீடு, இன்ஷூரன்ஸ் என்று பேச்செடுத்தால் பங்குத் தரகர்களைக் கண்காணிக்கும் ஃபின்ராவின் 'ப்ரோக்கர்செக்' தளத்திலும் அவர் பெயரைப் போட்டுப் பாருங்கள். பங்கு, மியூச்சுவல் ஃபண்ட் விற்பவர்கள் மீதான புகார்கள் அங்கே தெரியும். இன்ஷூரன்ஸ் உரிமத்துக்கு மாநில இன்ஷூரன்ஸ் துறை.

உரிமம் சொல்லாதது

உரிமம் சரியாக இருக்கிறது. சரி, நம் மாதிரி ஆட்களின் கணக்கு அவருக்குத் தெரியுமா? இதை எந்த வாரியமும் சொல்லாது. முப்பது ஆண்டு அனுபவம் உள்ள சிபிஏ ஒருவர் வெளிநாட்டு வங்கிக் கணக்கையே பார்த்திருக்க மாட்டார். சில கேள்விகள் கேட்டால் தெரிந்துவிடும்.

"நான் ஆகஸ்டில் ஹெச்-1பியில் வந்தேன், முதல் ஆண்டு ரெசிடென்ட்டாகவா நான்ரெசிடென்ட்டாகவா?" என்று கேளுங்கள். வரி விதிப்படி இங்கே வசிப்பவரா இல்லையா என்பதுதான் கேள்வி. வந்த தேதி, அதற்கு முன் இங்கே இருந்த நாட்கள், எந்த விசா என்று திருப்பிக் கேட்பவர் விஷயம் தெரிந்தவர். எதையும் கேட்காமல் உடனே பதில் சொல்பவரிடம் கவனமாக இருங்கள். "ஊரில் என்ஆர்இ டெபாசிட் வட்டிக்கு வரி இல்லையே, இங்கே காட்ட வேண்டுமா?" என்ஆர்இ என்பது வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் வைக்கும் வங்கிக் கணக்கு. இங்கே ரெசிடென்ட் ஆகிவிட்டால் அந்த வட்டியைக் காட்ட வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் கிளம்பிவிடலாம். ஊர்க் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் எஃப்பார் என்ற வெளிநாட்டு வங்கிக் கணக்கு அறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டும். சென்னை வங்கியானாலும் கொழும்பு வங்கியானாலும் ஒரே விதிதான். நம் மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு 8621 என்ற தனிப் படிவம் உண்டு. அந்தப் பெயரையே கேள்விப்படாதவரிடம் எஸ்ஐபி (மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் கட்டும் திட்டம்) போட்டிருப்பவர் போகக் கூடாது.

எஃப்-1 மாணவர்களுக்கு வேறு கேள்வி. பொதுவாக முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளுக்கு நீங்கள் நான்ரெசிடென்ட்டுக்கான வரிப் படிவமான 1040-என்ஆர் போட வேண்டியவர்கள். இந்தியாவிலிருந்து வந்த மாணவர்களுக்கு இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆவது பிரிவு ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் (வருமானத்தில் கழித்துக்கொள்ளும் நிலையான தொகை) எடுக்க இடம் தருகிறது. இது தெரியாதவர் உங்களுக்கு நஷ்டம் வைப்பார். பணம் கொடுக்கும் முன் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள். பல இடங்களில் இதற்கான மென்பொருளை இலவசமாகவோ குறைந்த விலைக்கோ தருகிறார்கள்.

மனைவியோ கணவரோ ஹெச்-4 குடும்ப விசாவில் வந்திருந்து சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லையென்றால் ஐடின் என்ற வரி அடையாள எண் வாங்க வேண்டும். அதற்கு அசல் பாஸ்போர்ட்டைத் தபாலில் அனுப்பப் பலரும் பயப்படுவார்கள். ஐஆர்எஸ் அங்கீகரித்த ஏஜென்ட்டாகவும் இருக்கும் சிபிஏ என்றால் அவரே பாஸ்போர்ட்டைப் பார்த்துச் சான்றளிக்கலாம். அந்த அங்கீகாரம் இருக்கிறதா என்பதையும் ஐஆர்எஸ் தளத்தின் மாநிலவாரிப் பட்டியலில் சரிபார்க்கலாம்.

கணக்கு எங்கே தயாராகிறது என்றும் கேளுங்கள். குறைந்த கட்டணம் வாங்கும் சில அலுவலகங்கள் வேலையை ஹைதராபாத்துக்கோ சென்னைக்கோ அனுப்புகின்றன. அது சட்டவிரோதம் இல்லை. ஆனால் உங்கள் வரித் தகவலை அமெரிக்காவுக்கு வெளியே அனுப்ப உங்கள் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். கையெழுத்துப் போடச் சொல்லும் தாள்களுக்கிடையே அந்தச் சம்மதப் படிவம் இருக்கும், படித்துவிட்டுப் போடுங்கள்.

உரிமம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் சில விஷயங்களைப் பார்த்தால் எழுந்து வந்துவிட வேண்டும். ரீஃபண்டில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் கேட்பது, ரீஃபண்டைத் தன் வங்கிக் கணக்குக்கு வரவைப்பது, வெற்றுப் படிவத்தில் கையெழுத்துக் கேட்பது, "நீங்களே போட்டதாக அனுப்பிவிடலாம்" என்று தன் பெயரைத் தவிர்ப்பது. காசு வாங்கியவர் கணக்கில் கையெழுத்திட்டுத் தன் பிடின் எண்ணைப் போட வேண்டும். உங்களுக்கு ஒரு பிரதியும் தர வேண்டும். வரிக் கணக்குப் படிவமான 1040-ன் இரண்டாம் பக்கத்தின் அடியில் அவர் கையெழுத்துக்கும் பிடினுக்கும் என்றே இடம் இருக்கிறது.

ஏற்கெனவே கொடுத்துத் தப்பாகிவிட்டதா? சிபிஏ என்றால் அவர் மாநில வாரியத்தில் புகார் கொடுக்கலாம். வாரியம் உரிமத்தின் மீது நடவடிக்கை எடுக்கும். கட்டணத்தைத் திரும்ப வாங்கித் தருவது அதன் வேலை இல்லை. ஐஆர்எஸ்ஸிடம் புகார் செய்ய 14157 படிவம். உங்களுக்குத் தெரியாமல் கணக்கை மாற்றி அனுப்பியிருந்தால் கூடவே 14157-ஏ. கணக்கைத் திருத்த 1040-எக்ஸ்.

இதையெல்லாம் மார்ச் கடைசியில் செய்ய முடியாது. அப்போது நல்ல சிபிஏக்கள் ஃபோனையே எடுக்க மாட்டார்கள். நவம்பர், டிசம்பரில் தேடி, பேசி, முடிவு செய்துவிடுங்கள். தாமதமாகிவிட்டால் 4868 படிவம் போட்டு அக்டோபர் 15 வரை அவகாசம் வாங்கலாம். ஆனால் அது தாக்கல் செய்வதற்கான அவகாசம்தான், கட்ட வேண்டிய வரியை ஏப்ரலிலேயே கட்ட வேண்டும். அடுத்த ஆண்டு அதே ஆளிடம் போகும்போதும் ஒருமுறை பெயரைத் தேடிவிடுங்கள். டெக்சஸில் உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், கலிஃபோர்னியாவில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை. போன ஆண்டு செல்லுபடியான உரிமம் இந்த ஆண்டும் அப்படியே இருக்கிறதா என்று இரண்டே நிமிடத்தில் பார்த்துவிடலாம்.