கைவினைப் பொருள் விற்று நற்பணிக்கு நிதி: எப்படி விளம்பரம் செய்வது?

முதல் முறை நான் 40 குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) புக்மார்க் பின்னினேன். விற்று வரும் பணத்தை ஒரு விலங்குக் காப்பகத்துக்குக் கொடுப்பதாகத் திட்டம். எல்லாவற்றையும் ஒரு மேசையில் பரப்பி ஒரே ஒரு போட்டோ எடுத்து, "வருமானம் முழுவதும் வாயில்லா ஜீவன்களுக்கு, ஆதரவு தாருங்கள்" என்று எழுதிப் போட்டேன். இதயக் குறிகள் குவிந்தன. ஆர்டர் வந்தது இரண்டு, அதில் ஒன்று என் சித்தி. மூன்றாவதாக ஒருவர் வாங்க வந்து ஒரு கேள்வி கேட்டார்: "முழுவதும் என்றால், கூரியர் செலவெல்லாம் நீங்களே போட்டுக்கொள்கிறீர்களா?" எனக்குப் பதில் தெரியவில்லை. அவர் வாங்கவும் இல்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் தயார் செய்த பிறகுதான் விற்பனை நகர்ந்தது. எந்த ஆப், எந்த ஹேஷ்டேக் என்பதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஒரு பொருளுக்கு எவ்வளவு போய்ச் சேரும் என்று ஒரே வரியில் உங்களால் சொல்ல முடிகிறதா? அதிலிருந்து தொடங்குவோம்.

படி 1: கணக்குப் போடுங்கள், பிறகு வாக்குக் கொடுங்கள்

ஒரு பொருளின் விலை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள் (எந்த நாட்டுக் காசாக இருந்தாலும் சரி). என் புக்மார்க்குக்கு நூல் 22, உறையும் அட்டையும் 8, விற்கும் தளத்தின் கட்டணம் 7, பணம் வந்து சேரும் வழியில் பிடித்தம் 3. ஆக 40 போய்விட்டது. மீதி 60. அந்த 60-ஐயும் தருகிறேன் என்று சொல்லிவிட ஆசையாகத்தான் இருக்கும். சொல்லாதீர்கள். ஒரு பார்சல் தொலைந்தால், ஒன்று திரும்பி வந்தால், கைக்காசு போட வேண்டி வரும். நான் 50 என்று அறிவித்தேன். மீதி 10 அவசரக் கையிருப்பு. கடைசியில் மிஞ்சினால் அதையும் சேர்த்துக் கொடுக்கலாம், யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. கூரியர் செலவை விலையோடு சேர்க்காமல் தனியாக வாங்குங்கள், அதையும் வெளிப்படையாக எழுதுங்கள்.

"லாபத்தில் ஒரு பகுதி" என்று மட்டும் எழுதவே வேண்டாம். எது லாபம் என்பது உங்களுக்குத்தான் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அமெரிக்காவில் தொண்டு நிறுவனங்களை மதிப்பிடும் பிபிபி வைஸ் கிவிங் அலையன்ஸ் இதற்கென்றே ஒரு விதி வைத்திருக்கிறது. பொருள் விற்று நிதி திரட்டும்போது விலையில் எவ்வளவு தொண்டுக்குப் போகும், எத்தனை நாள் வரை இந்த ஏற்பாடு, உச்சவரம்பு அல்லது குறைந்தபட்ச உத்தரவாதம் ஏதாவது உண்டா என்ற மூன்றையும் வாங்கும் இடத்திலேயே சொல்லிவிட வேண்டும் என்கிறது. உங்கள் நாட்டில் அந்த விதி இல்லாவிட்டாலும் இந்த மூன்றையும் சொல்லிவிடுங்கள். என் வரி இப்படி இருந்தது:

"ஒரு புக்மார்க் விற்றால் 50 காப்பகத்துக்கு. இந்த மாதம் 15 முதல் 30 வரை. மொத்தம் 38 மட்டுமே."

படி 2: அனுமதி வாங்குங்கள்

நல்ல காரியம்தானே, யாரைக் கேட்க வேண்டும் என்று தோன்றும். ஆனால் ஒரு அமைப்பின் பெயரையும் லோகோவையும் போட்டு விற்கும்போது அவர்கள் சார்பில் நீங்கள் பேசுவதாக அர்த்தமாகிவிடும். என்ன விற்கிறீர்கள், எத்தனை நாள், ஒன்றுக்கு எவ்வளவு என்று நான்கு வரி மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். எழுத்தில் பதில் வரட்டும். பணத்தை எந்தக் கணக்கில் எப்படிச் செலுத்துவது, ரசீது தருவார்களா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். சிலர் உங்கள் பதிவைத் தங்கள் பக்கத்தில் பகிரவும் செய்வார்கள். உங்களுக்குக் கிடைக்கும் மிகப் பெரிய இலவச விளம்பரம் அதுதான்.

வரிவிலக்கு கிடைக்கும் என்று மட்டும் நீங்களாக வாங்குபவர்களிடம் சொல்லிவிடாதீர்கள். அவர்கள் காசு கொடுத்துப் பொருள் வாங்கியிருக்கிறார்கள். அது நன்கொடையாகக் கணக்காகுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும்.

படி 3: பொருளைப் பற்றி முதலில் எழுதுங்கள்

பரிதாபத்தைச் சொல்லி விற்றால் ஒருமுறை வாங்குவார்கள், வாங்கி எங்காவது இழுப்பறையில் போட்டுவிடுவார்கள். பொருள் பிடித்திருந்தால் இன்னொன்று வாங்கித் தோழிக்குக் கொடுப்பார்கள். அதனால் விளக்கத்தின் முதல் இரண்டு வரி பொருளுக்கு, மூன்றாவது வரி நோக்கத்துக்கு. நான் முதலில் எழுதியது இது:

"அன்புடன் கையால் செய்யப்பட்ட அழகிய புக்மார்க். ஒவ்வொரு இழையிலும் கருணை."

எத்தனை நீளம், என்ன நூல், துவைக்கலாமா, எதுவுமே இதில் இல்லை. இரண்டாவது முறை மாற்றியது:

"பருத்தி நூலில் பின்னிய புக்மார்க். நீளம் 18 செ.மீ., நுனியில் இலை. தட்டையாக இருப்பதால் புத்தகம் மூடும்போது புடைக்காது. கையால் துவைக்கலாம். ஒன்று பின்ன எனக்கு 50 நிமிடம் ஆகிறது. விலையில் 50 காப்பகத்துக்குப் போகும்."

"50 நிமிடம்" என்ற சொல்லைப் பார்த்துத்தான் நிறையப் பேர் பேச்சுக் கொடுத்தார்கள். நான் அதை யோசித்துப் போடவில்லை, சும்மா எழுதினேன்.

படி 4: போட்டோ

இதில்தான் நேரம் செலவிட வேண்டும். நல்ல கேமரா தேவையில்லை, போன் போதும். முதலில் போன் லென்ஸைத் துணியால் துடையுங்கள். சிரிக்காதீர்கள், பல போட்டோக்கள் மங்கலாவதற்குக் காரணம் விரல் எண்ணெய்தான்.

ஜன்னலோரம் ஒரு மேசை. நேரடி வெயில் விழாத நேரம். அறை விளக்கை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் விழும். வெள்ளைச் சார்ட் ஒன்றைச் சுவரில் ஒட்டி, மடிக்காமல் வளைவாக மேசை வரை இறக்குங்கள். பின்னணியில் கோடு தெரியாது. ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் இன்னொரு வெள்ளை அட்டையை நிறுத்தினால் நிழல் மெலிந்துவிடும். மொத்தச் செலவு இரண்டு சார்ட்.

ஒரு பொருளுக்கு நான்கு படமாவது எடுங்கள். ஒன்று முழுப் பொருள். ஒன்று மிக அருகில், தையலோ பின்னலோ தெரியும்படி. ஒன்று கையில் பிடித்தபடி, அப்போதுதான் அளவு புரியும். செ.மீ. என்று எழுதினால் யாரும் மனதில் அளந்து பார்ப்பதில்லை, நான்கு விரலைப் பார்த்தால் சட்டென்று புரிந்துவிடும். கடைசியாக, பயன்பாட்டில் இருக்கும் படம்: பாதி படித்த புத்தகத்திலிருந்து இலை நுனி எட்டிப் பார்ப்பது மாதிரி. என் விற்பனையில் பெரும்பாலானவை இந்த நான்காவது படத்தைப் பார்த்து வந்தவைதான்.

நிறத்தை ஃபில்டர் போட்டு மாற்றாதீர்கள். வந்து சேரும் பொருள் வேறு நிறத்தில் இருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள், நற்பணி என்று பார்க்க மாட்டார்கள், பார்க்கவும் தேவையில்லை.

படி 5: ஒரே ஒரு உயிரின் கதை

காப்பகத்தில் இத்தனை நூறு விலங்குகள் என்று எழுதுவதைவிட ஒரு நாயைப் பற்றி எழுதுங்கள். இது என் ஊகம் இல்லை. டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டீன், பால் ஸ்லோவிக் ஆகிய மூவர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், மாலி நாட்டுச் சிறுமி ஒருத்தியைப் பற்றி மட்டும் படித்தவர்கள் புள்ளிவிவரம் படித்தவர்களைவிட அதிகம் கொடுத்தார்கள். இதில் வேடிக்கை, சிறுமியின் கதையோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது தொகை குறைந்துவிட்டது. ஆக, எண்ணிக்கையைத் தூக்கிக் கதைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

ஆனால் ஒரு எல்லை உண்டு. நிதி மனிதர்களுக்கு, அதிலும் குழந்தைகளுக்கோ நோயாளிகளுக்கோ போகிறதென்றால் அவர்கள் முகத்தையும் பெயரையும் போட்டு விற்காதீர்கள். அமைப்பே அனுமதித்தாலும் இரண்டு முறை யோசியுங்கள். இரத்தக் காயம் தெரியும் விலங்குப் படமும் அப்படித்தான். பார்ப்பவர் முகம் சுளித்து நகர்ந்துவிடுவார், உங்கள் பொருளைப் பார்க்கவே மாட்டார். நான் ஒரு மூன்று கால் நாய் வெயிலில் தூங்கும் படத்தைக் கேட்டு வாங்கிப் போட்டேன்.

படி 6: எங்கே சொல்வது

எல்லா இடத்திலும் கணக்குத் தொடங்கிவிடாதீர்கள். இரண்டு போதும்: தெரிந்தவர்களுக்கு ஒன்று, தெரியாதவர்கள் தேடி வர ஒன்று.

தெரிந்தவர்களுக்கு வாட்ஸ்அப். ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் செய்தி போகும். "அனுப்பினேன், ஒருவரும் பதிலே போடவில்லை" என்று நொந்துகொள்ளும் முன் இதைச் சரிபாருங்கள். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், எனவே லிங்க்கும் விலையும் ஒவ்வொரு முறையும் திரும்பப் போட வேண்டும். குடும்பக் குரூப்பில் ஒரு முறை சொல்லலாம். தினமும் சொன்னால் மியூட் செய்துவிடுவார்கள், நானும் செய்திருக்கிறேன்.

தெரியாதவர்களுக்கு, கைவினைப் பொருள் விற்கும் எட்சி போன்ற தளம். அங்கே தேடித்தான் வருவார்கள், அதனால் தேடும் சொல்தான் முக்கியம். எட்சியில் ஒரு பொருளுக்கு 13 டேக் (தேடலில் அகப்பட வைக்கும் குறிச்சொல்), ஒவ்வொன்றும் 20 எழுத்துக்குள். பதின்மூன்றையும் நிரப்புங்கள். "கருணை", "நம்பிக்கை" என்று யாரும் தேடமாட்டார்கள். "பருத்தி புக்மார்க்", "வாசகருக்குப் பரிசு" என்பது மாதிரி யோசித்து, வாங்குபவர் எந்த மொழியில் தட்டச்சு செய்வாரோ அந்த மொழியில் போடுங்கள். ஈபேயில் ஈபே ஃபார் சாரிட்டி என்றே ஒரு ஏற்பாடு இருக்கிறது. அது உள்ள நாடுகளில், விற்பனைத் தொகையில் 10 முதல் 100 சதவீதம் வரை பதிவு செய்த அமைப்புக்கு ஒதுக்கலாம். பணத்தை நீங்கள் கையில் வாங்கிக் கொடுக்கும் சங்கடம் இல்லை.

இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் போட விருப்பமிருந்தால், கை பின்னுவதை மேலிருந்து எடுங்கள். பேச வேண்டாம், முகம் காட்ட வேண்டாம். பின்னும் சத்தமே போதும்.

படி 7: எத்தனை நாள், எத்தனை பதிவு

முடிவுத் தேதி இல்லாவிட்டால் "அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்" என்பார்கள், அந்த அப்புறம் வராது. இரண்டு வாரம் சரியான அளவு. தொடங்குவதற்கு மூன்று நாள் முன்பு பின்னிக்கொண்டிருக்கும் படம். முதல் நாள் விலை, லிங்க், அந்த ஒரு வரிக் கணக்கு. நடுவில் இரண்டு மூன்று முறை எத்தனை விற்றது, எத்தனை மீதி. கடைசி இரண்டு நாள் நினைவூட்டல். நடுப்பகுதி மந்தமாகத்தான் இருக்கும், பயந்து விலையைக் குறைத்துவிடாதீர்கள். குறைத்தால் படி 1 கணக்கு மொத்தமும் உடையும்.

நன்கொடை கொடுப்பதற்கென்றே ஆண்டுக்கொரு முறை வரும் கிவிங் டியூஸ்டே அன்று தொடங்கலாமா என்று கேட்பார்கள். 2012-இல் நியூயார்க்கின் 92-ஆம் தெரு ஒய் என்ற நிறுவனத்தில் ஆரம்பித்து இப்போது பல நாடுகளில் நடக்கிறது. பெரிய அமைப்புகள் எல்லாம் ஒரே நாளில் கேட்கும்போது நம் குரல் எடுபடாது என்பது என் கருத்து. இரண்டு வாரம் முன்னால் முடித்துவிடுங்கள்.

படி 8: பார்சலுக்குள் ஒரு சீட்டு

கையெழுத்தில் இரண்டு வரி. "இது 23-ஆவது புக்மார்க். உங்கள் 50 இந்த மாதம் 31 அன்று காப்பகத்துக்குப் போகும்." அவ்வளவுதான். பொருள் பயன்பாட்டில் இருக்கும் போட்டோவை அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பினால், கேட்டுவிட்டுப் பகிருங்கள்.

படி 9: கணக்குக் காட்டுங்கள்

முடிந்த மறுநாளே பணத்தைச் செலுத்துங்கள், ரசீதைப் படமெடுத்துப் போடுங்கள். கணக்கு எண்ணை மறைத்துவிடுங்கள். வாங்காதவர்களுக்கும் இந்தச் செய்தி போகட்டும். அடுத்த முறை வாங்குபவர்கள் அவர்களில்தான் இருப்பார்கள். கெட்ட செய்தியையும் சேர்த்தே எழுதுங்கள். நான் அனுப்பியது:

"பின்னியது 40. முதல் சுற்றில் 2, இந்தச் சுற்றில் 35, ஆக 37 விற்றது. ஒன்றுக்கு 50 வீதம் 1,850 இன்று காப்பகத்துக்குச் செலுத்திவிட்டேன், ரசீது கீழே. ஒன்றை எங்கள் வீட்டுப் பூனை கடித்துக் குதறிவிட்டது. மீதி இரண்டு இருக்கிறது, பச்சையும் கடுகு மஞ்சளும். தேதி முடிந்துவிட்டாலும் யாராவது எடுத்துக்கொண்டால் அதே கணக்கில் சேர்த்துவிடுகிறேன்."

பச்சையைக் கேட்டு அரை மணி நேரத்தில் செய்தி வந்தது. கூரியர் செலவைப் பற்றிக் கேட்டாரே, அவர்தான்.