தலித் இலக்கியத்தை எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

தலித் இலக்கியம் படிக்கணும், எதில் தொடங்குவது என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் எப்போதும் ஒன்றுதான்: ஆய்வுக் கட்டுரைகளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் பாமாவின் ‘கருக்கு’. 1992இல் வந்த சின்னப் புத்தகம். பேச்சு மொழியிலேயே எழுதியிருப்பதால் விருதுநகர்ப் பக்கத்துப் பேச்சு பழகாதவர்களுக்கு முதல் சில பக்கங்கள் தடுக்கும், வாய்விட்டுப் படியுங்கள், சரியாகிவிடும். அவமானம் வரும் இடங்களுக்கு மட்டும் அடிக்கோடு போட்டுக்கொண்டே போகாதீர்கள். பிள்ளைகளின் விளையாட்டு, காட்டு வேலை, கன்னியர் மடத்துக்குப் போய் அங்கேயும் சாதியைப் பார்த்து வெளியே வருவது, எல்லாம் சேர்ந்ததுதான் அந்த வாழ்க்கை. இரக்கப்படுவதற்காகப் படித்தால் பாதிப் புத்தகம் கண்ணில் படாது.

அடுத்தது பூமணியின் ‘வெக்கை’ (1982). ‘அசுரன்’ படத்தைப் பார்த்திருந்தாலும் படியுங்கள். தகப்பனும் மகனும் காட்டில் ஒளிந்து திரியும்போது எதைத் தின்றார்கள், எங்கே படுத்தார்கள் என்று நாவல் நிதானமாகச் சொல்லும், அந்த நிதானம்தான் அதன் பலம்.

இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) நாவலுக்கு மட்டும் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். தலித் மக்களுக்குத் துணி வெளுக்கும் வண்ணாத்தி ஆரோக்கியத்தின் கதை. ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளேயே இருக்கும் மேல் கீழை எழுதியதற்காக அப்போது பெரிய விவாதமே நடந்தது. நாவலை முடித்த பிறகு அந்த விவாதத்தையும் தேடிப் படியுங்கள். எதிர்த்தவர்களின் கவலை நியாயமானதுதான், ஆனாலும் ஆரோக்கியம் கூலித் தானியத்துக்காகக் களத்தில் நிற்கும் பக்கங்களைப் படித்துவிட்டு இதை எழுதியிருக்கக் கூடாது என்று என்னால் சொல்ல முடியவில்லை. இன்னொன்று, பூமணியும் சரி இமையமும் சரி, ‘தலித் எழுத்தாளர்’ என்ற அடையாளத்துக்குள் தங்களை அடைப்பதை விரும்பாதவர்கள். அவர்களைப் பற்றிப் பேசும்போது அதையும் மதியுங்கள்.

யாழ்ப்பாணத்துச் சாதிக் கொடுமையைத் தெரிந்துகொள்ள கே. டானியலின் ‘பஞ்சமர்’. ஈழத்துப் புத்தகங்கள் கடையில் கிடைக்காவிட்டால் ‘நூலகம்’ இணையதளத்தில் தேடிப் பாருங்கள்.

தமிழில் இதெல்லாம் தொண்ணூறுகளில்தான் தொடங்கியது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கியது 1907இல், இரட்டைமலை சீனிவாசனின் தன்வரலாறு வந்தது 1939இல். இவற்றைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள், அந்த மொழிநடைக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும், நாவல்களைப் படித்த பிறகு அந்தப் பொறுமை தானாக வரும்.