குறும்படத்தை இரண்டாம் முறை எடுக்கிறீர்களா? முதலில் ஷட்டரைப் பாருங்கள்

திரைப்படப் படிப்புக்கு முதல் முறை விண்ணப்பித்தபோது நான் அனுப்பிய குறும்படம் தேறவில்லை. மறுவருடம் அதே படத்தைச் சரிசெய்து அனுப்பினேன், இடம் கிடைத்தது. கேமராவை மேனுவலில் வைக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. பழைய படத்தை ஒலியில்லாமல் ஒரு தடவை பாருங்கள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். உறுத்தும் இடங்களை நிமிடம், விநாடியோடு குறியுங்கள். எனக்கு ஒன்பது இடம் வந்தது. ஏழு ஒரே அறைக் காட்சியில்.

2. அந்தக் காட்சியை மட்டும் முழுசாக எடுங்கள். ஒரு ஷாட்டை மட்டும் மாற்றப் பார்த்தேன். நண்பன் இடையில் முடி வெட்டியிருந்தான், ஒட்டவே இல்லை.

3. என்னைப் படுத்தியது இதுதான். அந்த ஏழு இடத்திலும் மங்கலான பட்டைகள் திரையில் ஊர்ந்துகொண்டிருந்தன. கேமரா கோளாறு என்று இரவல் கேமராவில் எடுத்தேன். அதிலும் அதே பட்டை! காரணம் ட்யூப்லைட். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது விநாடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கும், கண்ணுக்குத் தெரியாது. நான் வைத்திருந்த ஷட்டர் 1/80, அதாவது ஒவ்வொரு ஃப்ரேமும் விநாடியில் எண்பதில் ஒரு பங்கு நேரம் வெளிச்சம் வாங்கும். அந்த நேரத்துக்குள் ஒன்றேகால் துடிப்புதான் அடங்கும், அதனால் படத்தின் ஒரு பகுதிக்கு வெளிச்சம் கூடி இன்னொரு பகுதிக்குக் குறைந்துவிடும். 1/50 வைத்தால் சரியாக இரண்டு துடிப்பு, 1/100 வைத்தால் ஒன்று. பட்டை போய்விடும். 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் 1/60 அல்லது 1/120.

நான் விநாடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 என்றே எடுக்கிறேன். அசைவும் இயல்பாக இருக்கும். வெளிச்சம் அதிகமானால் ஷட்டரைத் தொடாதீர்கள். ஐஎஸ்ஓவை (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவு) குறையுங்கள், போதாவிட்டால் என்டி ஃபில்டர் (லென்ஸ் முன் மாட்டும், வெளிச்சத்தைக் குறைக்கும் கருங்கண்ணாடி) போடுங்கள்.

4. ஒயிட் பேலன்ஸை (விளக்குக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) ஆட்டோவில் விடாதீர்கள். பழைய படத்தின் ஒரு ஃப்ரேமைப் பக்கத்தில் வைத்து நிறத்தை ஒப்பிட்டுப் பூட்டிவிடுங்கள்.

மொபைலில் எடுப்பவர்கள் அதோடு வரும் கேமரா ஆப்பை மறந்துவிடுங்கள். பிளாக்மேஜிக் கேமரா ஆப் இலவசம், ஷட்டரையும் நிறத்தையும் பூட்டலாம்.

பின்சேர்க்கை: 1/50 வைத்தும் எல்இடி விளக்கில் பட்டை வருகிறது என்று இருவர் எழுதியிருந்தார்கள். இருவருமே டிம்மரில் வெளிச்சத்தைக் குறைத்திருந்தார்கள். பல எல்இடிகள் வேகமாக அணைந்து எரிந்துதான் மங்குகின்றன. அந்த வேகத்துக்கும் மின்சாரத்தின் 50க்கும் சம்பந்தமில்லை. விளக்கை முழு வெளிச்சத்தில் விட்டு, தள்ளி வையுங்கள். சின்ன விளக்கென்றால் தூரம் இரட்டித்ததும் வெளிச்சம் ஏறக்குறைய கால்வாசியாகிவிடும். ஒருவருக்கு அதிலேயே சரியாகிவிட்டது. இன்னொருவர் விளக்கையே மாற்ற வேண்டியிருந்தது.