கடன் முடியப்போகும் நேரத்தில் தம்பதிகள் செய்யும் தவறுகள்

இன்னும் நான்கு தவணைதான் பாக்கி. சேமிப்புக் கணக்கில் இருந்ததை எடுத்துப் போட்டால் அன்றைக்கே கதை முடிந்துவிடும். "இருக்கிறதையெல்லாம் போட்டு முடிச்சிடலாமா?" என்று நான்தான் கேட்டேன். கணவரும் சரி என்றார். முடித்தோம். அன்று இரவு இருவரும் நிம்மதியாகத் தூங்கினோம்.

மூன்றாவது வாரம் அவருக்குப் பல்வலி. வேர் சிகிச்சை செய்து மேலே உறை போட வேண்டும் என்றார்கள். கணக்கில் இருந்தது மாதக் கடைசிவரை வீட்டை ஓட்டவே சரியாக இருந்தது. கிரெடிட் கார்டைத் தேய்த்தோம். மூன்று வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு அடைத்த கடன், இருபது நாளுக்குள் வேறு பெயரில் வந்து உட்கார்ந்துகொண்டது. அதுவும் முன்னதைவிட அதிக வட்டியில்.

கடனை அடைக்கும் வேகம் இருக்கும் தம்பதிகளிடம்தான் இந்தத் தவறு அதிகம் நடக்கிறது என்று நினைக்கிறேன். முடிவு கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்ததும் பொறுமை போய்விடுகிறது.

கணக்கைத் துடைத்துக் கடனை அடைப்பது

தாளில் போட்டுப் பார்த்தால் கடனை அடைப்பதுதான் லாபம். கார்டு நிலுவைக்கு மாதம் 3 சதவீதம் வட்டி என்று வைத்துக்கொள்வோம். வட்டிக்கு வட்டி சேர்ந்து வருடத்துக்கு 42 சதவீதத்தைத் தாண்டும். ஒன்றுமே கட்டாமல் விட்டால் இரண்டே வருடத்தில் கடன் இரட்டிப்பாகும். எந்தச் சேமிப்புக் கணக்கும் அதில் கால்வாசி வட்டிகூடத் தராது. அப்படியிருக்க, கையில் பணத்தை வைத்துக்கொண்டு கடனுக்கு வட்டி கட்டுவது முட்டாள்தனம் இல்லையா?

உங்களிடம் இருக்கும் பெரும்பகுதிப் பணத்துக்கு இந்தக் கணக்கு சரிதான். கடைசியில் மிஞ்சும் ஒரு மாதச் செலவுப் பணத்துக்கு மட்டும் சரியில்லை. அந்தப் பணம் இருந்தால் பல்வலிக்கோ, பழுதான வண்டிக்கோ, தாமதமான சம்பளத்துக்கோ புதுக் கடன் வாங்க வேண்டி வராது. அதற்காக இழக்கும் வட்டி, அந்த ஒரு மாதத் தொகைக்கு உரிய வட்டி மட்டுமே. வீட்டு நிம்மதிக்கு அது பெரிய விலை இல்லை.

தவணைக் கடனில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. அதைப் பலர் கவனிப்பதில்லை. கூடுதலாகக் கட்டிய பணம் பொதுவாகத் திரும்பி வராது. பாதிக் கடனை முன்கூட்டியே அடைத்திருந்தாலும் அடுத்த மாதத் தவணை அதே தேதியில், பெரும்பாலும் அதே தொகையில் வந்து நிற்கும். குறைந்திருப்பது கடைசியில் உள்ள மாதங்கள்தான். வேலை போன மாதத்தில் "போன வருடம் கூடுதலாகக் கட்டினோமே" என்று சொல்லி ஒரு தவணையைத் தள்ளிவைக்க முடியாது. ஆகவே கடனில் பகுதியை மட்டும் அடைக்கப் போகிறீர்கள் என்றால் கையிருப்பைத் தொடாமல் அடையுங்கள். முன்கூட்டி அடைப்பதற்குக் கட்டணம் உண்டா, தவணைக் காலத்தைக் குறைப்பார்களா அல்லது தவணைத் தொகையைக் குறைப்பார்களா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள். காலம் குறைந்தால் வட்டி அதிகம் மிஞ்சும். தொகை குறைந்தால் மாதாமாதம் கொஞ்சம் மூச்சு விடலாம். இரண்டு சம்பளமும் உறுதியாக இருக்கும் வீட்டுக்கு முதலாவது நல்லது. வருமானம் ஆட்டம் காணும் வீட்டுக்கு இரண்டாவதுதான் நல்லது என்பேன்.

"கார்டு இருக்கிறதே"

கார்டு வரம்பை அவசர நிதியாக நினைப்பதும் இதே வகைத் தவறுதான். அந்த வரம்பு கொடுத்தவர்களுடையது. அவர்கள் நினைத்தால் குறைத்துவிடலாம். பொருளாதாரம் தடுமாறி நமக்கு வேலை போகும் காலமும், அவர்கள் வரம்பைக் குறைக்கும் காலமும் பெரும்பாலும் ஒன்றாகவே வரும். அப்புறம், பழைய நிலுவையை முழுதாகக் கட்டாமல் வைத்திருந்தால் புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லா நாட்கள் பொதுவாகக் கிடைக்காது. கார்டில் ரொக்கம் எடுத்தால் கட்டணமும் உண்டு, அன்றிலிருந்தே வட்டியும் உண்டு.

இதற்கு நேர் எதிரான தவறும் இருக்கிறது. ஆறு மாதச் செலவு சேர்ந்த பிறகுதான் கடனில் கூடுதலாகக் கட்டுவோம் என்று இருப்பது. வட்டி கொழுத்த கடன் இருக்கும்போது இது கையைக் கடிக்கும். முதலில் ஒரு மாத அவசியச் செலவைச் சேருங்கள். அப்புறம் கூடுதல் பணம் எல்லாவற்றையும் அதிக வட்டிக் கடனுக்குத் திருப்புங்கள். அது முடிந்த கையோடு சேமிப்பைப் பெரிதாக்குங்கள். ஒரே வருமானத்தில் ஓடும் வீடு என்றாலோ, குழந்தை வரப்போகிறது என்றாலோ, தொடக்கத்திலேயே இரண்டு மூன்று மாதம் வைத்துக்கொள்வது தேவலை. வீட்டுக் கடன் மாதிரி குறைந்த வட்டியில் பல வருடம் ஓடும் கடன் முடிந்த பிறகுதான் சேமிப்பைப் பெரிதாக்குவோம் என்று காத்திருக்க வேண்டாம். அது ஒரு பக்கம் ஓடட்டும்.

இலக்கைச் சம்பளத்திலிருந்து கணக்கிடுவது

அவசர நிதி மூன்று முதல் ஆறு மாதத்துக்கு இருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எதன் ஆறு மாதம்? சம்பளத்தின் ஆறு மாதம் என்று நினைத்துக்கொண்டு, அது எட்டாத உயரத்தில் இருப்பதைப் பார்த்துத் தொடங்காமலே விட்டுவிடுபவர்கள் நிறைய. கணக்கிட வேண்டியது அவசியச் செலவை மட்டும்: வாடகை, சாப்பாடு, மருந்து, மின்சாரம், போக்குவரத்து, காப்பீடு, அப்புறம் கடன் தவணை.

இருவருடைய மாத வருமானம் சேர்ந்து 100 என்று வையுங்கள். அவசியச் செலவு 70, அதில் தவணை 25. இன்றைக்கு மூன்று மாதத் தேவை 210. கடன் முடிந்த மறுநாள் அவசியச் செலவு 45 ஆகிவிடும்; மூன்று மாதத் தேவை 135 ஆக இறங்கிவிடும். ஏற்கெனவே 60 சேர்த்து வைத்திருந்தால் பாக்கி 75. விடுபட்ட தவணைப் பணம் 25ஐ அப்படியே போட்டால் மூன்றே மாதத்தில் முடிந்தது. கடனை அடைக்கும்போதே அவசர நிதியும் பாதி தூரம் கூடவே நடந்து வருகிறது. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பார்த்த அன்றுதான் எங்களுக்குத் தைரியம் வந்தது.

இரண்டு பேர் சம்பாதிக்கிறோமே என்று இலக்கைக் குறைப்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். இருவரும் ஒரே நிறுவனத்தில், அல்லது ஒரே துறையில் இருந்தால் அது கிட்டத்தட்ட ஒரே வருமானம்தான்.

இருவர் மனதிலும் வேறு வேறு கணக்கு

பணத்தைப் பற்றிய எல்லாத் தவறுகளிலும் இதைத்தான் நான் பெரியதாக நினைக்கிறேன். கடன் எவ்வளவு என்று ஒருவருக்குத் தெரியும், இன்னொருவர் உத்தேசமாக வைத்திருப்பார். நண்பரிடம் வாங்கிய கைமாத்து கணக்கில் வராது. யாருக்கோ ஜாமீன் போட்ட கையெழுத்து பேச்சிலேயே வராது. கடன் முடிந்துவிட்டது என்று ஒருவர் மூச்சு விடும்போது இன்னொருவர் மனதில் ஒரு பாக்கி ஓடிக்கொண்டிருக்கும்.

ஆளுக்கொரு தாளில், ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்காமல், யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று எழுதுங்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாங்கள் எழுதியபோது என் தாளில் ஐந்து வரி, அவர் தாளில் ஏழு. அந்த இரண்டு வரிக்காக அவர் கூச்சப்பட்டார். "ஏன் சொல்லலை?" என்று கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். அந்த இடத்தில் குத்திக்காட்டியிருந்தால் அடுத்த முறை அவர் தாளிலும் ஐந்து வரிதான் இருந்திருக்கும்.

எது அவசரம் என்பதிலும் இருவரும் ஒத்துப்போக வேண்டும். எதிர்பாராததா, அவசியமா, தள்ளிப்போட முடியாததா என்ற மூன்றுக்கும் ஆமாம் என்றால்தான் அந்தப் பணத்தைத் தொடலாம். வருடா வருடம் வரும் காப்பீட்டுத் தொகையும் பள்ளிக் கட்டணமும் எதிர்பாராதவை இல்லை. அவற்றைப் பன்னிரண்டால் வகுத்துத் தனியாக எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் வருடத்துக்கு இரண்டு முறை அவசர நிதி காலியாகும்.

பங்களிப்பு சரிபாதியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒருவர் 60, மற்றவர் 40 சம்பாதிக்கும் வீட்டில் இருவரும் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு போட்டால் 6, 4. இதில் யாருக்கும் மூச்சு முட்டாது. ஒருவர் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார் என்றால் அவருக்கும் அந்தப் பணத்தில் கேள்வி கேட்கும் உரிமை முழுதாக உண்டு.

பணம் ஒருவர் பெயரில் மட்டும் இருப்பதும் ஆபத்து. அவரே மருத்துவமனையில் படுத்திருந்தால் மற்றவர் எப்படி எடுப்பார்? இருவரில் யார் வேண்டுமானாலும் தனியாக எடுக்கக்கூடிய கூட்டுக் கணக்கு இதற்குப் பொருத்தம். தினசரிச் செலவுக் கணக்கிலிருந்து அது பிரிந்திருக்கட்டும். ஆனால் ஒன்றிரண்டு நாளில் கைக்கு வரவேண்டும். பங்குச் சந்தையில் போட்டு வைப்பது இந்தப் பணத்துக்கு ஆகாது. தேவைப்படும் அன்று விலை சரிந்திருந்தால் நஷ்டத்தில்தான் விற்க வேண்டும்.

கடைசித் தவணைக்குப் பிறகு

விடுபட்ட தவணைப் பணத்துக்கு வேலை கொடுக்காவிட்டால் இரண்டே மாதத்தில் அது எங்கே போயிற்று என்றே தெரியாது. கடைசித் தவணை போகும் முன்பே, அதே தேதியில், அதே தொகை சேமிப்புக் கணக்குக்குத் தானாகப் போகும்படி வங்கியில் ஏற்பாடு செய்துவிடுங்கள். அந்தப் பணம் இல்லாமல் வாழத்தான் இத்தனை நாளாகப் பழகியிருக்கிறீர்கள். கூடவே, கடன் முடிந்ததற்கான கடிதத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய தவணைக்கான தானியங்கிப் பிடித்தம் நின்றுவிட்டதா என்று பாருங்கள்.

அப்புறம் ஒன்று. சேர்த்த பணத்தைத் தொட பயப்படுவதும் தவறுதான். போன வருடம் நான் வேலை பார்க்கும் லேப்டாப் ஒரு காலையில் உயிரை விட்டது. பணம் இருந்தும் "கார்டில் தவணையாக வாங்கிக்கலாமா?" என்று கேட்டேன். அவர் மூன்று விரலை நீட்டி ஒவ்வொன்றாக மடக்கினார்: எதிர்பாராதது, அவசியம், தள்ளிப்போட முடியாது. சேமிப்பிலிருந்து எடுத்தோம். எடுத்த தொகையையும் தேதியையும் அன்றே எழுதி வைத்தோம். அடுத்த மாதம் முதல் மூன்று மாதத்தில் திரும்ப நிரப்பினோம்.