சின்னக் காம்பராவுக்கு ஸ்டூடியோ மானிட்டர்: வாங்குமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேஸ் கிட்டாரில் ‘ஏ’ தந்தியைத் தட்டினால் காம்பரா முழுக்க அதிர்ந்தது. அதற்கு இரண்டு சுரம் மேலே போனால் சத்தம் பாதியாக இறங்கியது. கிட்டாரில் கோளாறு இல்லை, வாசித்த தம்பியிடமும் கோளாறு இல்லை. இலங்கை மலைநாட்டில், ஹட்டனுக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து வீட்டில், 12 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள பின்காம்பராவில், 8 அங்குல ஊஃபர் (கீழ்ச்சுரத்துக்கான பெரிய கூம்பு) உள்ள ஒரு சோடி மானிட்டரை, அதாவது ஒலியை உள்ளபடி கேட்பதற்கான ஸ்பீக்கர் பெட்டிகளை, வைத்து முதன்முதலாக மிக்ஸிங்குக்கு (பதிவு செய்த குரலையும் வாத்தியங்களையும் சேர்த்துச் சமன் செய்யும் வேலைக்கு) உட்கார்ந்த நாள் அது. ‘ஏ’ அதிகமாக இருக்கிறதே என்று அதைக் குறைத்தேன். அடுத்த நாள் டவுனுக்குப் போகும் பஸ்ஸில் போட்டுக் கேட்டால் பாட்டில் அடித்தளமே இல்லை. கோயில் திருவிழாவுக்காகச் செய்த பாட்டு. பாடிய பிள்ளைகளும் அதே பஸ்ஸில் இருந்தார்கள். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

அன்றைக்கு எனக்குத் தெரியாத கணக்கு மிகச் சின்னது. ஒலி நொடிக்குச் சுமார் 1,125 அடி போகும். எதிரெதிராக இருக்கும் இரண்டு சுவர்களின் இடைவெளியை இரட்டித்து, அதால் 1,125-ஐ வகுத்தால் அந்தச் சுவர்களுக்கு நடுவே தங்கி நின்று முழங்கும் முதல் ஒலி எது என்று வந்துவிடும். 10 அடிக்கு 56 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 56 அதிர்வு), 12 அடிக்கு 47, 8 அடி உயரத்தில் தட்டையான சீலிங் இருந்தால் 70. பேஸ் கிட்டாரின் ‘ஏ’ தந்தி 55 ஹெர்ட்ஸ். நான் மேசையை நீளச் சுவரோடு ஒட்டிப் போட்டு, எதிர்ச் சுவரில் முதுகு படும்படி நாற்காலியை வைத்திருந்தேன். அதாவது, 10 அடி இடைவெளியின் ஓரத்தில். அந்த முழக்கம் சுவர் ஓரத்தில்தான் உச்சத்தில் இருக்கும். நாற்காலியைச் சரியாக நடுவுக்கு இழுத்தால் அதே ‘ஏ’ காணாமலே போய்விடும். இரண்டும் பொய். நான் பெட்டியைக் கேட்கவில்லை, சுவரைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதனால்தான், “எந்த மானிட்டர் நல்லது அண்ணே?” என்று யாராவது கேட்டால் நான் முதலில் அறையின் அளவைக் கேட்கிறேன். அறையை அளக்காமல் பெட்டியைத் தேடுவதுதான் எல்லாவற்றுக்கும் முந்திய தவறு.

அடுத்தது, பெரிய ஊஃபர் என்றால் நல்ல பேஸ், அதாவது நல்ல கீழ்ச்சுரம், என்று நம்புவது. யமஹா எச்எஸ்8 கீழே 38 ஹெர்ட்ஸ் வரை போகும், அதே வரிசையில் 5 அங்குல ஊஃபர் உள்ள எச்எஸ்5 54 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும் என்று அந்தக் கம்பனியின் குறிப்பே சொல்கிறது. தாளில் பார்த்தால் பெரியதுதான் வாங்கத் தோன்றும். ஆனால் நம் காம்பராவின் முதல் முழக்கங்கள் 47-இலும் 56-இலும் உட்கார்ந்திருக்கின்றன. பெரிய பெட்டி அந்த இடத்தில்தான் அதிகமாகக் காற்றைத் தள்ளும், அறையும் அதைப் பிடித்துக்கொண்டு விடாது. 5 அங்குலம் அங்கே தானாகவே தணிந்துவிடும். முழக்கம் அடியோடு போய்விடாது, ஆனால் அதோடு மல்லுக்கட்ட வேண்டிய அளவு குறையும். விட்டுப்போன அடிப்பகுதியை ஒரு நல்ல ஹெட்ஃபோனில் சரிபார்த்துக்கொள்ளலாம். 3 அங்குலம் வரை இறங்கவும் வேண்டாம். காலால் அடிக்கும் கிக் டிரம்மின் வயிற்றுச் சத்தம் அதில் கேட்காது, கேட்காததை நாம் கூட்டிக்கொண்டே போவோம்.

ஆழமான பேஸ் இல்லாமல் வேலை நடக்காது என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. யமஹா என்எஸ்-10 என்கிற வெள்ளைக் கூம்புப் பெட்டி 1978-இல் வந்தது. போர்ட் (பேஸ் வெளியேறும் துளை) கிடையாது, மூடிய பெட்டி, பேஸ் கொஞ்சம்தான். முதலில் வீட்டில் பாட்டுக் கேட்பதற்காக விற்றார்கள். 2001-இல் உற்பத்தி நிற்கும்வரை உலகத்தின் பெரிய ஸ்டூடியோக்களில் மிக்ஸிங் மேசைக்கு மேலே அதுதான் இருந்தது. கேட்பதற்கு இனிமையாக இருக்கும் என்று யாரும் அதை வைத்திருக்கவில்லை. நடுப்பகுதியில் இருக்கும் பிழையை ஒளிக்காமல் காட்டும், அதற்காகத்தான்.

கடையில் ஒரே ஒரு பாட்டைக் கேட்டுவிட்டு முடிவெடுப்பதும் பலர் செய்வது. கொழும்பில் நான் போன கடையில் இரண்டு சோடியை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார்கள். ஒன்றில் சத்தம் சற்றுத் தூக்கலாக இருந்தது, அதையே எடுத்தேன். சத்தம் கூடினாலே காதுக்கு அது நல்லதாகப் படும், அவ்வளவுதான் விஷயம். இரண்டையும் ஒரே அளவு சத்தத்துக்குக் கொண்டுவரச் சொல்லிக் கேளுங்கள். கடைக்காரர் போடும் பாட்டு வேண்டாம். உங்களுக்கு வரிக்கு வரி மனப்பாடமான ஒரு பாட்டையும், நீங்களே ரெக்கோர்ட் பண்ணிய ஒரு குரலையும் கொண்டுபோங்கள். பாடுபவரை நேரில் தெரியுமென்றால் அந்தக் குரல் எந்தப் பெட்டியில் அவர் குரலாக இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

பின்னால் போர்ட் உள்ள பெட்டி சின்ன அறைக்கு ஆகாது என்று ஒரு பேச்சு உண்டு. இதை நம்பி நல்ல பெட்டிகளை விட்டவர்கள் எனக்குத் தெரியும். கீழ்ச்சுரம் எந்தப் பெட்டியிலிருந்து வந்தாலும் நாலா பக்கமும்தான் பரவும். போர்ட் முன்னால் இருந்தாலும் சுவருக்குப் பக்கத்தில் வைத்தால் பேஸ் கூடத்தான் செய்யும். பின் போர்ட்டுக்கு மூச்சுவிட நாலைந்து அங்குலம் இருந்தால் போதும். உண்மையில் சின்ன அறையில் சுவரோடு நெருங்கி வைப்பதுதான் நல்லது. கூம்பு சுவரிலிருந்து 3 அடி தள்ளி இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 94 ஹெர்ட்ஸ் பக்கத்தில் நேரொலியோடு மோதி ஒரு பள்ளத்தை உண்டாக்கும். பேஸின் நடுமத்தியில் விழும் பள்ளம் அது. 1 அடிக்குக் கொண்டுவந்தால் பள்ளம் 280 பக்கம் ஏறிவிடும். அந்த இடத்துச் சத்தத்தைப் பஞ்சுப் பலகையால் (மரச்சட்டத்தில் பஞ்சு நிரப்பியது, செய்யும் விதம் கீழே) பிடிக்கலாம். நெருக்கியதால் கூடிய பேஸைக் குறைக்கப் பெட்டியின் பின்புறமே சுவிட்ச் இருக்கும். எச்எஸ்5-இல் ‘ரூம் கண்ட்ரோல்’ என்று 2, 4 டெசிபல் குறைக்க வைத்திருக்கிறார்கள். இந்த சுவிட்ச் இல்லாத பெட்டியை நம் மாதிரி அறைக்கு வாங்க வேண்டாம் என்பது என் கருத்து.

நான் கடைசியில் மேசையைத் திருப்பிப் போட்டேன். இப்போது பெட்டிகள் 10 அடிச் சுவரோரம் நின்று 12 அடி நீளத்தைப் பார்க்கின்றன. இரண்டுக்கும் நடுவே 4 அடி, ஒவ்வொன்றிலிருந்தும் என் தலைக்கு 4 அடி, இரு பக்கச் சுவருக்கும் 3, 3 அடி. தலை முன்சுவரிலிருந்து ஏறக்குறைய நாலரை அடியில் வருகிறது. ட்வீட்டர் (மேல்சுரத்துக்கான சின்ன ஸ்பீக்கர்) காது உயரத்தில். இதற்கு ஒரு சதமும் செலவில்லை, அரைநாள் தளவாடம் இழுத்த களைப்பு மட்டும்தான். புதுப் பெட்டி வாங்கியிருந்தாலும் இவ்வளவு வித்தியாசம் கேட்டிருக்காது.

முட்டைத் தட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சுவர் முழுக்க முட்டைத் தட்டு ஒட்டிய அறைகளுக்குப் போயிருக்கிறேன். அது மெல்லிய காகித அட்டை, அதனால் பேஸுக்கு ஒன்றும் ஆகாது. 1 அங்குல ஃபோமும் கிட்டத்தட்ட அப்படித்தான். மேல்சுரத்தை மட்டும் விழுங்கிவிட்டுக் கீழ்முழக்கத்தை அப்படியே விட்டுவிடும். அறை மந்தமாகிவிடும், முழக்கம் முன்னைவிடத் துருத்திக்கொண்டு நிற்கும். அந்தக் காசுக்கு, சூடு காப்புக்கு விற்கிற ரொக்வூல் (பாறைப் பஞ்சு) வாங்கி, 4 அடிக்கு 2 அடி மரச்சட்டம் அடித்து, 4 அங்குலக் கனத்துக்கு நிரப்பித் துணி போர்த்துங்கள். துணியை வாயில் வைத்து ஊதிப் பாருங்கள், மூச்சு மறுபக்கம் போனால் சரியான துணி. பழைய பருத்திச் சேலை நன்றாகவே வேலை செய்கிறது. என்னுடைய இரண்டு பலகைக்கு அம்மாவின் சேலை. ரொக்வூலைத் தொடும்போது கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை கட்டாயம்.

பலகையைச் சுவரோடு ஒட்டி ஆணியடித்துவிடாதீர்கள். நம் பக்கத்துச் சுவர்கள் மழைக்காலத்தில் வியர்க்கும். ஒட்டி வைத்தால் இரண்டே மாதத்தில் பின்பக்கம் பூஞ்சணம் பிடித்துவிடும். 3, 4 அங்குலம் இடைவெளி விட்டால் காற்றும் ஓடும், இன்னும் கீழே உள்ள சுரத்தையும் அதே பலகை பிடிக்கும். முதலில் முன்பக்க மூலைகள், அப்புறம் இரு பக்கச் சுவர்கள். பக்கச் சுவரில் எந்த இடம் என்று தெரிய, நீங்கள் நாற்காலியில் இருந்துகொண்டு இன்னொருவரைச் சுவரோரமாக முகக்கண்ணாடியை நகர்த்தச் சொல்லுங்கள். எங்கே பெட்டி கண்ணாடியில் தெரிகிறதோ அங்கே பலகை. கட்டில் மெத்தையும் துணி நிறைந்த அலுமாரியும் ஏற்கெனவே உதவிக்கொண்டிருக்கின்றன, அவற்றை வெளியே தூக்கிப் போட வேண்டாம்.

சரிவான தகரக் கூரையைப் பார்த்துப் பலர் மனம் தளர்கிறார்கள். தேவையில்லை. உயரம் ஒரே அளவாக இல்லாததால் மேல்கீழ் முழக்கம் ஒரே சுரத்தில் குவியாது. தட்டையான கொங்கிரீட் சீலிங்கைவிட இது ஒரு வகையில் நல்லது. ஆனால் தளர்ந்த தகரமும் ஜன்னல் கண்ணாடியும் சில சுரங்களுக்குக் கிறுகிறுக்கும். கீழிருந்து மேலாக ஒவ்வொரு சுரமாக மெதுவாக வாசித்து எது எதற்கு நடுங்குகிறது என்று தேடி இறுக்குங்கள். மழை பெய்யும்போது மிக்ஸிங்கை விட்டுவிடுவதே மரியாதை. அந்த நேரத்தில் வால்யூமைக் கூட்டித்தான் பலர் காதையும் பாட்டையும் கெடுத்துக்கொள்கிறார்கள்.

அறை திருத்தும் மென்பொருள் இருக்கிறதே, பஞ்சுப் பலகை எதற்கு என்று கேட்பார்கள். அறையால் கூடிய சுரமாகிய மேட்டை அது குறைக்கும், பள்ளத்தை நிரப்பாது. சுவரொலி மோதி அழிந்துபோன சுரத்தை எவ்வளவு கூட்டினாலும் அழிவும் சேர்ந்தே கூடும். அளந்து பார்க்க விரும்பினால் ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. ஓர் அளவீட்டு மைக் இரவல் கிடைத்தால் ஒரு பின்னேரத்தில் அறையின் முகத்தையே பார்த்துவிடலாம்.

கரண்ட் விஷயத்தில் ஒரு தவறு உயிரோடு விளையாடுவது. பெட்டியில் ‘ம்ம்’ என்று இரைச்சல் வந்தால் ப்ளக்கின் ஏர்த் கம்பியைக் கழற்றிவிடச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். கம்ப்யூட்டர், இன்டர்ஃபேஸ் (மைக்கையும் பெட்டியையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கருவி), இரண்டு பெட்டி எல்லாவற்றையும் ஒரே ப்ளக் பேஸிலிருந்து எடுத்து, இரைச்சலைத் தடுக்கும் பேலன்ஸ்ட் கேபிள் போட்டால் பெரும்பாலும் இரைச்சல் அடங்கிவிடும். அடங்காவிட்டால் வயரிங் தெரிந்தவரைக் கூப்பிட்டு வீட்டு ஏர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்த பெட்டி என்றால் பின்னால் எழுதியிருக்கும் வோல்டேஜைப் பாருங்கள். ஜப்பானில் 100, அமெரிக்காவில் 120, நமக்கு 230. சித்திரை மாதத்திலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரம் இடி கிளம்பினால் சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது, ப்ளக்கையே கழற்றிவிடுங்கள்.

பழைய பெட்டி வாங்குகிறவர்கள் கூம்பைச் சுற்றியுள்ள வளையத்தை விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். ஃபோம் வளையம் ஈரத்தில் நைந்து தூளாக உதிரும். ரப்பர் வளையமாக இருந்தால் இங்கே அதிக நாள் தாங்கும். பனி நாட்களில் பெட்டியைப் பொலித்தீனால் சுற்றி வைக்க வேண்டாம், ஈரம் உள்ளேயே அடைபடும். துணி போர்த்தினால் போதும்.

சத்தத்தின் அளவிலும் கவனம் வேண்டும். மிகக் குறைவாக வைத்துக் கேட்டால் காதுக்குப் பேஸ் குறைவாகத் தெரியும் என்பதை ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-இலேயே காட்டினார்கள். நம் அளவு அறைக்கு 75 டெசிபல் போல ஒரே அளவில் வைத்துப் பழகுங்கள், வால்யூம் குமிழில் ஓர் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். லயத்துக் காம்பராவில் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டில்) இருப்பவர்களுக்கு இது இன்னும் கஷ்டம். நடுச்சுவர் கூரைவரை எழும்பாத லயங்கள் இன்னும் இருக்கின்றன, பேஸ் அடுத்த வீட்டுக் கட்டிலுக்கே போய்ச் சேரும். அங்கே விடியுமுன் எழுந்து வேலைக்குப் போகிற ஆள் தூங்கிக்கொண்டிருப்பார். இரவு வேலை ஹெட்ஃபோனில், மானிட்டர் பகலில்.

வாங்கிவந்த முதல் இரண்டு வாரம் எதையும் மிக்ஸ் பண்ணாமல், தெரிந்த பாட்டுகளை மட்டும் அந்த நாற்காலியில் இருந்து கேளுங்கள். அப்புறம் நீங்கள் செய்ததை ஃபோனில், ஆட்டோவில், பஸ்ஸில் போட்டுப் பாருங்கள். கோயிலுக்கான பாட்டு என்றால் அங்குள்ள ஹோர்ன் ஸ்பீக்கரில் கட்டாயம் ஒருமுறை கேட்க வேண்டும். அதில் பேஸ் அநேகமாக இருக்காது. தப்பு மேளத்தின் மெல்லிய குச்சி அடியும் குரலும்தான் மலைக்கு அந்தப் பக்கம்வரை போகும். நான் மேசையைத் திருப்பியபின் அந்தத் திருவிழாப் பாட்டை மறுபடி மிக்ஸ் பண்ணி, முதலில் அங்கேதான் போட்டேன். இரண்டாவது சரணத்தில் குச்சிச் சத்தம் குரலை மூடியது. வீட்டுக்கு வந்து தப்பை 2 டெசிபல் இறக்கினேன்.